போன ஏடு திரும்பி வந்தது!

வீடு நிறையக் கணக்கு இருக்கிறது. அதில் ஒரே ஓர் ஏடு கெட்டுப் போய்விட்டது. மற்ற ஏடுகளைத் தொடாமல் அந்த ஓர் ஏட்டை மட்டும் பழையபடி கொண்டுவர முடியுமா?

முடியும். கம்ப்யூட்டரில் அதற்கு வழி இருக்கிறது.

ஆனால் இந்த வித்தை புதிதல்ல. கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே தேவகோட்டைக்காரர்கள் இதைச் செய்து வந்தார்கள்!

கடல் கடந்த கணக்கு

தேவகோட்டை, காரைக்குடி வட்டாரத்து நகரத்தார்கள் கடல் கடந்து போய்க் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று பல நாடுகளில் அவர்களுக்குக் கடைகள் இருந்தன.

1930-ம் ஆண்டு வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 கடைகள் இருந்தன. அவற்றில் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அன்றைய பர்மா பாங்கிங் விசாரணைக் கமிட்டி கணக்கிட்டது.

இவ்வளவு பணத்துக்கும் முதலாளி எங்கே இருந்தார்? பெரும்பாலும் ஊரில் இருந்தார். கடையை நடத்தியவர் "மேலாள்". அவருக்கு உதவி "அடுத்தாள்". மேலாள் சுமார் 3 ஆண்டு அங்கே இருப்பார். பிறகு ஊர் திரும்புவார். வேறொருவர் போவார்.

முதலாளி தேவகோட்டையில், பணம் ரங்கூனில். நடுவே கடல். அப்படியானால் கணக்கு எப்படித் தெரியும்?

அங்கே எழுதும் கணக்கை அவ்வப்போது நகல் எடுத்து, ஊருக்கு அனுப்புவது வழக்கம். கப்பலில் தபால் வரும். முதலாளி பிரித்துப் பார்ப்பார். கட்டி, பெட்டியில் வைப்பார்.

ஒரே கணக்கு, இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம். மற்றொன்று இந்தப் பக்கம்.

1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூன் மீது ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1942 மார்ச் 8-ந் தேதி ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் ஓடி வந்தார்கள். காடு வழியாக நடந்தே வந்தவர்கள் ஏராளம். வழியில் மாண்டவர்களும் ஏராளம்.

உயிரோடு வந்தாலே போதும் என்ற நேரம். கணக்குப் புத்தகத்தை எப்படித் தூக்கி வருவது?

அப்போதுதான் ஊரில் இருந்த நகலின் அருமை தெரிந்தது. நிலங்கள் திரும்பவில்லை. யுத்தம் முடிந்த பிறகு, 1948-ல், பர்மா சர்க்கார் நிலங்களைத் தேசியமாக்கச் சட்டம் கொண்டு வந்தது. ஆனாலும் ஊருக்கு நகல் வந்திருந்த வீட்டில், "யாரிடம் எவ்வளவு?" என்ற கேள்விக்குப் பதில் இருந்தது. நகல் இல்லாத வீட்டில் அதுவும் இல்லை.

எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

நகல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஆயிரம் பக்கக் கணக்கில் ஓர் ஆளின் பற்று வரவு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அதற்கும் வழி வைத்திருந்தார்கள்.

அன்றாட வரவு செலவு சிட்டையில் ஏறும். பிறகு அது பேரேட்டுக்குப் போகும். பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம் உண்டு. யாருக்கு எந்தப் பக்கம் என்ற குறிப்பும் உண்டு. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஐந்தொகை போடுவார்கள்.

ஒருவர் கணக்கில் சந்தேகமா? அவர் பக்கத்தை மட்டும் புரட்டினால் போதும். மற்றவர் கணக்கைக் கலைக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் நகலுக்கும் இதுதான் உயிர்நாடி. நகல் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பக்கக் குறிப்பும் இருக்க வேண்டும்.

பைல் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் எழுதி வைக்கும் ஒவ்வொன்றும் ஒரு "பைல்". ஒரு கடிதம் ஒரு பைல். ஒரு போட்டோ ஒரு பைல். ஒரு கணக்குப் பட்டியல் ஒரு பைல்.

பல பைல்களை ஒன்றாகப் போட்டு வைக்கும் உறை "போல்டர்". கல்யாணப் போட்டோ எல்லாம் ஒரு போல்டரில் இருக்கும். வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் இன்னொரு போல்டரில் இருக்கும்.

இவற்றை எல்லாம் வேறொரு தட்டில் நகல் எடுத்து வைப்பதற்குப் "பேக்கப்" என்று பெயர். அந்த நகலில் இருந்து திரும்ப எடுப்பதற்கு "ரீஸ்டோர்" என்று பெயர், அதாவது, மீட்பது.

பேக்கப் எடுப்பவர்கள் பலர். ஆனால் மீட்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். சிக்கல் அங்கேதான் வருகிறது.

பங்காளி வீட்டுப் பட்டியல்

தேவகோட்டையில் ஒரு பெரிய பழைய வீடு. அதற்கு 16 பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. பங்காளிகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் அனுப்புகிறார்கள். கணக்கு எழுதுகிறவர் ஊரில் இருக்கும் ஒருவர். அவர் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் மகள் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள்.

இப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள்.

5-ந் தேதி வரை பட்டியல் சரியாக இருந்தது. 10-ந் தேதி மகள் ஒரு காரியம் செய்தாள். பெயர்களை அகர வரிசையில் வைத்தால் பார்க்க அழகாக இருக்குமே என்று நினைத்தாள். பெயர்கள் உள்ள வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்தாள். பட்டனை அழுத்தினாள்.

பெயர்கள் இடம் மாறின. பணம் இடம் மாறவில்லை! ஒருவர் கொடுத்த பணம் இன்னொருவர் பெயருக்கு எதிரே போய் நின்றது.

அவளுக்கு அது தெரியவில்லை. சேமித்து மூடிவிட்டாள். மொத்தத் தொகை சரியாக இருந்ததால் தந்தைக்கும் சந்தேகம் வரவில்லை. 12-ந் தேதியும் 15-ந் தேதியும் வந்த இரண்டு வரவுகளை அதிலேயே ஏற்றினார்கள்.

20-ந் தேதி மலேசியாவில் இருந்து ஒரு பங்காளி போன் செய்தார்.

"அண்ணே, நான் 25 ஆயிரம் அனுப்பினேன். பட்டியலில் 5 ஆயிரம் என்று இருக்கிறதே?"

தந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பணம் பெரிதல்ல, பெயர் பெரிது. "கணக்கில் கை வைத்துவிட்டான்" என்று ஒரு சொல் வந்தால் போதும். தலைமுறை தலைமுறைக்கும் அது நிற்கும்.

"அப்பச்சி, பயப்படாதீர்கள். 1-ந் தேதி முழு பேக்கப் எடுத்தோமே! அதை அப்படியே போட்டுவிடுகிறேன்" என்றாள் மகள்.

நல்ல வேளை! கம்ப்யூட்டர் கடைத் தம்பி பக்கத்தில் இருந்தான்.

"வேண்டாம் ஆச்சி, நிறுத்துங்கள்!" என்றான் அவன்.

அப்படியே போட்டால் என்ன?

ஏன் நிறுத்தச் சொன்னான்?

1-ந் தேதி பேக்கப்பை அப்படியே கொட்டினால் கம்ப்யூட்டரே 1-ந் தேதிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு செய்த வேலை எல்லாம் மறைந்துவிடும். 14-ந் தேதி அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. 400 பேர் எழுதிய மொய்ப் பட்டியல் அதே கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அதுவும் போய்விடும்!

ஓர் ஏட்டைக் காப்பாற்றப் போய் இன்னோர் ஏட்டைப் பலி கொடுப்பதா?

முழுவதையும் மீட்பது வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரி. தட்டே கெட்டுப் போனால், கம்ப்யூட்டரே திருட்டுப் போனால், அது வேண்டும். ஒரு பைல் கெட்டதற்கு அது வேண்டியதில்லை. உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும்.

எந்தத் தேதிக் கட்டு?

பேக்கப் எடுப்பதில் வகைகள் உண்டு.

எல்லாவற்றையும் நகல் எடுப்பது ஒரு வகை. இது "முழு பேக்கப்". பேரேடு முழுவதையும் உட்கார்ந்து பிரதி எடுப்பது மாதிரி. நேரம் அதிகம் ஆகும். இடமும் அதிகம் வேண்டும்.

முந்தைய நகலுக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பது இன்னொரு வகை. அன்றைய சிட்டையை மட்டும் நகல் எடுத்து அனுப்புவது மாதிரி. இதில் நேரம் மிச்சம்; இடமும் மிச்சம்.

இந்த வீட்டில் 1-ந் தேதி முழு பேக்கப். பிறகு தினமும் இரவு, அன்று மாறியது மட்டும். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டு.

இப்போது தேடுங்கள். பங்காளிப் பட்டியல் எந்தக் கட்டில் இருக்கும்?

அது மாறிய நாளில்தான் இருக்கும். 5-ந் தேதிக் கட்டில் இருக்கிறது. அது நல்ல பட்டியல். 10-ந் தேதிக் கட்டிலும் இருக்கிறது. அது கெட்ட பட்டியல். நடுவில் 6, 7, 8, 9 தேதிக் கட்டுகளில் அது இருக்காது. அந்த நாட்களில் யாரும் அதைத் தொடவில்லையே!

ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமா? வேண்டாம். நல்ல பேக்கப் புரோகிராமில் ஒரு பொருளடக்கம் இருக்கும். எந்தப் பைல், எந்தத் தேதி, எந்தக் கட்டு என்று அது சொல்லும். பேரேட்டின் பக்கக் குறிப்பு மாதிரிதான்.

கடைத் தம்பி பொருளடக்கத்தைத் திறந்தான். பட்டியலின் பெயரைத் தேடினான். 5-ந் தேதி ஏட்டைத் தேர்ந்தெடுத்தான்.

மேலே போடாதே; பக்கத்தில் வை!

இப்போதுதான் முக்கியமான கட்டம்.

"பழைய இடத்திலேயே வைக்கவா? வேறு இடத்தில் வைக்கவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். அவசரக்காரர்கள் பழைய இடம் என்று சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டர் இப்போது இருக்கும் பைலை அழித்துவிட்டு, அதன் மேல் பழையதை வைத்துவிடும்.

அது தவறு. 12-ந் தேதி வரவும் 15-ந் தேதி வரவும் கெட்ட பட்டியலில்தான் இருக்கின்றன. அதை அழித்துவிட்டால் அந்த இரண்டு வரவும் போய்விடும்.

ஆகவே தனியாக ஒரு போல்டர் போட வேண்டும். அதில் பழைய ஏட்டை இறக்க வேண்டும். இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைத் தம்பி அப்படியே செய்தான். 5-ந் தேதிப் பட்டியலில் மலேசியாப் பங்காளியின் பெயருக்கு எதிரே 25 ஆயிரம் என்று இருந்தது! பிறகு வந்த இரண்டு வரவுகளைக் கையால் ஏற்றினார்கள். கூட்டினார்கள். மொத்தம் சரியாக வந்தது. கெட்ட பட்டியலையும் உடனே அழிக்கவில்லை. "பழையது" என்று பெயர் மாற்றி ஒதுக்கி வைத்தார்கள்.

மொய்ப் பட்டியல் இருந்த இடத்திலேயே இருந்தது. தந்தை மலேசியாவுக்குப் போன் போட்டார்.

"தம்பி, உன் கணக்கு சரி. எங்கள் பிழைதான். திருத்தியாயிற்று."

போட்டோ போல்டருக்கும் இதே வழிதான். போல்டர் முழுவதும் போனால் போல்டரைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குள் ஒரு படம் போனால் அந்தப் படத்தை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

அழித்தது எங்கே போகிறது?

"பேக்கப்பே எடுக்கவில்லை. பைலை அழித்துவிட்டேன். என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் உண்டு.

முதலில் குப்பைத் தொட்டியைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் அழித்த பைல் "ரீசைக்கிள் பின்" என்ற தொட்டிக்குப் போகும். அங்கிருந்து ஒரே தட்டில் திரும்ப எடுக்கலாம். ஆனால் பென்டிரைவில் அழித்தது பொதுவாக அந்தத் தொட்டிக்கு வராது. நேராகப் போய்விடும்.

கூகிள் டிரைவில் அழித்தது 30 நாள் அதன் தொட்டியில் கிடக்கும். பேக்கப் ஆன கூகிள் போட்டோக்கள் 60 நாள் கிடக்கும். அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

தொட்டியிலும் இல்லையா? உடனே கையை எடுத்துவிட வேண்டும். அந்தத் தட்டில் வேறு எதையும் எழுதக் கூடாது. ஏன்? பைலை அழிக்கும்போது கம்ப்யூட்டர் பெரும்பாலும் பொருளடக்கத்தில் உள்ள பெயரைத்தான் அடிக்கிறது. உள்ளே எழுதியது சிறிது காலம் அப்படியே கிடக்கும். அதன் மேல் புதிதாக எழுதினால்தான் அழியும். அதற்குள் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்தால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். புது மாதிரியான எஸ்.எஸ்.டி. தட்டுகளில் கிடைப்பது மிகவும் அரிது.

ஆகவே இதை நம்பி இருக்கக் கூடாது. நம்ப வேண்டியது நகலைத்தான்.

பழைய ஏட்டைத் தேதிவாரியாகச் சேர்த்து வைக்கும் வசதி இப்போது கம்ப்யூட்டரிலேயே வருகிறது. ஆப்பிள் கம்பெனி 2007-ல் "டைம் மெஷின்" என்ற பெயரில் கொண்டு வந்தது. 2012-ல் விண்டோசிலும் "பைல் ஹிஸ்டரி" வந்தது. தனித் தட்டு ஒன்றை இணைத்துவிட்டால் போதும். மணிக்கு ஒரு முறை, மாறிய பைல்களை அதுவே எடுத்து வைக்கும். "நேற்று மாலை இந்தப் பைல் எப்படி இருந்தது?" என்று புரட்டிப் பார்த்து, வேண்டியதை எடுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு இடத்தில் பைல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்படி செய்வதும் உண்டு. அது பேக்கப் ஆகாது. இங்கே பிழை செய்தால் அங்கேயும் பிழை போய்விடும். கண்ணாடியில் தெரியும் முகம் மாதிரி. முகத்தில் கரி பட்டால் கண்ணாடியிலும் கரி தெரியும்!

அலமாரியில் இருந்த டேப்

உலகப் பெரிய கம்பெனிகளுக்கும் இந்தச் சோதனை வந்தது உண்டு.

2011 பிப்ரவரி 27-ந் தேதி. ஜிமெயில் வைத்திருந்த சிலர் தங்கள் பெட்டியைத் திறந்தார்கள். பெட்டி காலி! ஒரு கடிதம்கூட இல்லை.

கூகிள் கம்பெனி புதிதாகப் போட்ட புரோகிராமில் ஒரு பிழை. அது கடிதங்களை அழித்துவிட்டது. கூகிள் ஒவ்வொரு கடிதத்துக்கும் பல நகல் வைத்திருந்தது. எல்லாம் கம்ப்யூட்டரோடு இணைந்தே இருந்தவை. ஆகவே பிழை எல்லா நகலையும் தொட்டுவிட்டது.

பாதிக்கப்பட்டவர்கள் 10 ஆயிரம் பேருக்கு 2 பேர் என்று கூகிள் பிறகு சொன்னது. கணக்குக்கு இது சிறிய எண். கடிதத்தைப் பறிகொடுத்தவருக்கு?

கூகிளிடம் இன்னொரு நகல் இருந்தது. அது காந்த டேப்பில் இருந்தது. எதனோடும் இணைக்காமல் தனியாக வைத்திருந்த டேப். பிழை அதை எட்டவில்லை. அந்த டேப்பில் இருந்து, பாதிக்கப்பட்டவர்களின் கடிதங்களை மட்டும் எடுத்து அவரவர் பெட்டியில் சேர்த்தார்கள். டேப்பை ஓட்டித் தேட வேண்டும் என்பதால் நேரம் பிடித்தது. மற்ற கோடிக்கணக்கானவர்களின் பெட்டியைத் தொடவே இல்லை.

இதுதான் ஓர் ஏட்டை மட்டும் மீட்பது!

கம்பளியில் சுற்றி வந்த சினிமா

1998-ல் அமெரிக்காவில் நடந்தது இது. பிக்சார் கம்பெனி "டாய் ஸ்டோரி 2" என்ற பொம்மைப் படத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தது. படம் முழுவதும் கம்ப்யூட்டரில் இருந்தது.

ஒரு நாள் யாரோ தவறான கட்டளை ஒன்றைக் கொடுத்துவிட்டார். பைல்கள் அழியத் தொடங்கின. கதாநாயகப் பொம்மையின் தொப்பி மறைந்தது. பிறகு பூட்ஸ் மறைந்தது. பிறகு பொம்மையே மறைந்தது! இணைப்பைப் பிடுங்கினார்கள். அதற்குள் படத்தில் பெரும் பகுதி போய்விட்டது.

"பேக்கப் இருக்கிறதே!" என்று எடுத்தார்கள். அது சரியாக எழுதப்படவே இல்லை. அதை யாரும் சோதித்துப் பார்த்ததும் இல்லை.

அப்போது கேலின் சுஸ்மன் என்ற அம்மையாருக்கு ஒன்று நினைவு வந்தது. அவர் படத்தின் தொழில்நுட்ப இயக்குநர். அப்போது பிள்ளை பெற்றவர். வீட்டில் இருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் நகல் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்.

காரில் போனார்கள். கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றினார்கள். பச்சைப் பிள்ளையைக் கொண்டு வருவது மாதிரி கொண்டு வந்தார்கள். அந்த நகல் சில வாரம் பழையது. ஆகவே அதையும் அப்படியே கொட்டவில்லை. பைல் பைலாக ஒப்பிட்டு, நல்லதை மட்டும் எடுத்துச் சேர்த்தார்கள். 1999-ல் படம் வெளிவந்தது.

ஐந்து வழி, ஒன்றும் உதவவில்லை!

2017 ஜனவரி 31-ந் தேதி. கிட்லேப் என்ற கம்பெனி. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடம் அது.

இரவு நேரம். ஓர் என்ஜினீயர் களைப்போடு வேலை செய்து கொண்டிருந்தார். ஒரு கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டியதை வேறொரு கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார்! ஓரிரு விநாடியில் பிழை தெரிந்தது. நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4½ ஜிகாபைட்தான் மிஞ்சியது.

நகல் எடுக்க அந்தக் கம்பெனியில் ஐந்து வழி இருந்தது. ஐந்தில் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. ஒரு வழியில் பல நாளாக நகலே ஏறவில்லை. "நகல் ஏறவில்லை" என்று தெரிவிக்க வேண்டிய கடிதமும் போய்ச் சேரவில்லை.

கடைசியில் எது காப்பாற்றியது? வேறொரு வேலைக்காக, சுமார் 6 மணி நேரத்துக்கு முன்னால், தற்செயலாக எடுத்த ஒரு நகல். அதை வைத்து மீட்டார்கள். இடைப்பட்ட 6 மணி நேர வேலை போனது போனதுதான்.

அந்தக் கம்பெனி எதையும் மறைக்கவில்லை. நடந்ததை அப்படியே உலகத்துக்குச் சொன்னது. அதனால் மற்றவர்களுக்கும் பாடம் கிடைத்தது.

ஒரே கூரையின் கீழே...

நகலும் அசலும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும்?

தேவகோட்டைக்கு அதுவும் தெரியும். 1942 ஆகஸ்டில் "வெள்ளையனே வெளியேறு" போராட்டம் மூண்டது. ஊரே கொதித்தது. தேவகோட்டைக் கோர்ட்டுக் கட்டடம் தீக்கு இரையானது. தீக்கு அசல் எது, நகல் எது என்று தெரியாது.

2025 செப்டம்பர் 26-ந் தேதி தென் கொரியாவில் தேஜான் நகரில் சர்க்கார் கம்ப்யூட்டர் நிலையம் ஒன்றில் தீப் பிடித்தது. சர்க்கார் ஊழியர்கள் தங்கள் பைல்களைச் சேர்த்து வைத்திருந்த சேமிப்பு நிலையமும் எரிந்தது. அதில் இருந்தது 858 டெராபைட். ஒரு டெராபைட் என்பது சுமார் ஆயிரம் ஜிகாபைட். இவ்வளவுக்கும் வெளியே நகல் இல்லை. அளவு பெரிது என்பதால் எடுக்கவில்லை என்றார்கள்.

ஆகவே அனுபவசாலிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று, இரண்டு, ஒன்று! அசலோடு சேர்த்து 3 பிரதி. 2 வகையான தட்டு. அதில் 1 வேறு ஊரில், அல்லது வேறு வீட்டில்.

ரங்கூன் கணக்கின் நகல் தேவகோட்டைக்கு வந்ததும் இதே யோசனைதான்.

பத்திரம் தொலைந்தால்?

வீட்டுப் பத்திரம் தொலைந்தால் என்ன செய்கிறார்கள்? சார்பதிவாளர் ஆபீசுக்குப் போகிறார்கள். நகல் மனுப் போடுகிறார்கள்.

1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, பதிவாகும் சொத்துப் பத்திரத்தின் பிரதி அந்த ஆபீசில் இருக்கும். அதற்கு இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று ஆட்களின் பெயர்ப்படி. மற்றொன்று சொத்தின்படி. பெயரைச் சொன்னாலும் கிடைக்கும். சொத்தைச் சொன்னாலும் கிடைக்கும். அந்த ஒரு பத்திரத்தை மட்டும் நகல் எடுத்து, சான்று வைத்துக் கொடுப்பார்கள். மற்றவர் பத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அந்த அட்டவணை மாதிரி வீட்டுப் பைலுக்கும் ஒழுங்கான பெயர் வைக்க வேண்டும். "புதியது", "புதியது 2", "கடைசி", "கடைசிக்குக் கடைசி" என்று பெயர் வைத்தால் எந்தக் கம்ப்யூட்டராலும் உதவ முடியாது. "வீட்டு ஓடு கணக்கு, 2026 மார்ச் 5" என்று வைத்தால் குழந்தைகூட எடுத்துக் கொடுக்கும்.

செல்போன் வைத்திருப்பவர்களுக்கு

கம்ப்யூட்டர் இல்லாத வீட்டிலும் செல்போன் இருக்கிறது. பேரன் பேத்திகளின் படம் அதில் இருக்கிறது. இறந்து போனவர்களின் குரல்கூட அதில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பிலும் பேக்கப் உண்டு. ஆனால் அதில் ஒரு கடிதத்தையோ ஒரு படத்தையோ மட்டும் பொறுக்கி எடுக்க வழி இல்லை. மீட்டால் முழுவதையும் மீட்க வேண்டும். பேக்கப்புக்குப் பிறகு வந்தவை போய்விடும்.

ஆகவே அருமையான படம், குரல், ரசீது எதுவானாலும் வாட்ஸ்அப்பிலேயே விட்டு வைக்கக் கூடாது. தனியாக எடுத்துப் பெயர் எழுதி ஒரு போல்டரில் போட வேண்டும். அந்தப் போல்டருக்கு நகல் எடுக்க வேண்டும். நகல் எடுத்த தட்டைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். இணைத்தபடியே விட்டால், கம்ப்யூட்டரில் புகும் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

மாதம் ஒரு பைல்

ஆயுத பூஜை அன்று கணக்குப் புத்தகத்துக்குப் பொட்டு வைக்கிறார்கள். இப்போது கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைக்கிறார்கள். நல்லதுதான். அதோடு இன்னொன்றும் செய்யலாம்.

மாதம் பிறந்ததும் 1-ந் தேதி, பேக்கப்பில் இருந்து ஒரே ஒரு பைலை எடுத்துப் பாருங்கள். ஒரு போட்டோ போதும். ஒரு கணக்கு போதும். தனிப் போல்டரில் இறக்கிப் பாருங்கள். திறக்கிறதா? சரியாக இருக்கிறதா? ஐந்து நிமிட வேலை.

பொம்மைப் படம் எடுத்தவர்கள் இதைச் செய்யவில்லை. இரவில் வேலை செய்த என்ஜினீயரின் கம்பெனியும் செய்யவில்லை. செய்திருந்தால் நகல் பழுது என்பது முன்பே தெரிந்திருக்கும்.

பெட்டியில் பூட்டி வைத்த நகல் பாதி நகல்தான். வேண்டிய ஏட்டை வேண்டிய நேரத்தில் எடுத்துக் காட்ட முடிந்தால்தான் அது முழு நகல்.

அந்தப் பங்காளி வீட்டில் ஓடு மாற்றுவார்கள். அடுத்த மழைக்கு வீடு ஒழுகாது. 16 பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். 5-ந் தேதிக் கட்டில் இருந்து எடுத்த ஓர் ஏடு அதற்கு வழி செய்தது!